வேலூர் வீட்டின் ஒற்றைக் கதிரை

நேயர்களே, இன்றைய உரையை ஒரு கடையில் தொடங்குகிறேன். ஆண்டு 1997. கல்முனைப் பிரதான வீதியில் ‘கொமினிகேசன்’ என்று பெயர்ப்பலகை தொங்கிய தொலைபேசிக் கடைகள் அப்போது பல இருந்தன. வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாத காலம். கட்டாரில் வேலை செய்த எங்கள் சித்தப்பா மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்கு, அப்படியொரு கடையின் இலக்கத்துக்கு எடுப்பார். அம்மா, சின்னம்மா, நான் மூவரும் மூன்றரைக்கே போய் வாங்கில் இருந்துவிடுவோம். எனக்கு அப்போது பதினாறு வயது. சித்தப்பாவிடம் கேட்க வேண்டியவற்றைச் சின்னம்மா ஒரு துண்டில் எழுதிக் கைக்குள் பொத்தி வைத்திருப்பார்.

அன்று நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஒரு படை அதிகாரி உள்ளே வந்தார். இடுப்பில் கைத்துப்பாக்கி. கடைக்குள் பேச்சு நின்றது. நாங்கள் எழுந்து நின்றோம். ஏன் எழுந்தோம் என்று அந்தக் காலத்தில் இந்தக் கரையில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர் எங்களைப் பார்க்கவில்லை. பலகைக் கூட்டுக்குள் போய்ச் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து விரித்து, இலக்கத்தைச் சுழற்றி, சிங்களத்தில் பேசத் தொடங்கினார். கூட்டின் கதவு சரியாகச் சாத்தாது. குரல் முதலில் அதட்டலாக இருந்தது, பிறகு இறங்கியது, பிறகு கெஞ்சுவது போலவும் கேட்டது. அரை மணித்தியாலத்துக்கு மேல் பேசினார். காசைக் கொடுத்து, மிச்சத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

கடைக்காரக் காக்காவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அவர் போய் வீதியைக் கடந்த பிறகு அம்மாவிடம் மெல்லச் சொன்னார்: “மழைக்கு முந்தி ஓடு மாத்தோணுமாம். மகனுக்குச் சப்பாத்து சின்னனாப் போச்சாம். அவர்ர தாய்க்குக் கண்ணாடி இன்னும் செய்யக் குடுக்கல்லையாம். ஊட்டுக் கவலதான் தங்கச்சி, வேறென்ன.”

அந்த வாக்கியம் நெடுநாள் என்னோடு இருந்தது. பின்னாளில் தமிழ் கற்பிக்கப் போய், முல்லைத் திணையை மாணவர்களுக்கு விளக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் துண்டுக் கடதாசி ஞாபகத்துக்கு வரும். சின்னம்மாவின் கையிலும் அதே அளவில் ஒரு துண்டு இருந்ததல்லவா?

பாசறையில் இருக்கும் தலைவனைப் பற்றி நம் இலக்கியம் சொல்லாததில்லை. பத்துப்பாட்டில் மிகச் சிறியது முல்லைப்பாட்டு, 103 அடி. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வணிகனார் மகனார் நப்பூதனார் பாடியது. காட்டை அழித்து முள்வேலி இட்ட பாசறை, வடமொழிச் சொல்லால் யானையைப் பழக்கும் பாகர், நாழிகைக் கன்னலில் பொழுது அளந்து சொல்வோர், காவல் நிற்கும் யவனர் என்று ஒரு பாடிவீட்டையே நம் கண்முன் கட்டி எழுப்புகிறார் புலவர். நடுவில் உறக்கம் வராத அரசன். அவன் நினைவு முழுவதும் புண்பட்ட யானைகளிலும் செஞ்சோற்றுக் கடன் கழித்து மாண்ட வீரரிலும் இருக்கிறது. நக்கீரரின் நெடுநல்வாடையிலும் அப்படித்தான். வாடைக்காற்றில் விளக்குச் சுடர் சாய்ந்தாட, நள்ளிரவில் அரசன் காயம்பட்டோரைப் பார்த்து வருகிறான். இரண்டிலும் வீட்டைப் பற்றிய கவலை மறுபக்கத்தில், மனைவியிடம் இருக்கிறது. முல்லைப்பாட்டில் பெருமுது பெண்டிர் ஊர்ப்புறத்தே போய் நற்சொல் கேட்டு நிற்கிறார்கள். தாய்ப்பசு வரக் காணாது துடிக்கும் கன்றை ஓர் ஆய்மகள் தேற்றும் சொல்லே தலைவிக்கு நற்சொல்லாகிறது. எவ்வளவு அழகான வீட்டுக் காட்சி! ஆனால் பாசறையில் இருப்பவன் ஓட்டைப் பற்றியோ, பிள்ளையின் காலணியைப் பற்றியோ, தகப்பனின் கடனைப் பற்றியோ ஒரு சொல் பேசுவதில்லை. பாட்டுடைத் தலைவன் அதைப் பேசினால் பாட்டின் பெருமை குறைந்துவிடும் என்று மரபு எண்ணியது போலும்.

தொல்காப்பியர் வேறொரு செய்தியும் சொல்கிறார். பாசறைக்குப் பெண்டிரைக் கூட்டிச் செல்லலாகாது. வேந்தன் பொருட்டுப் பிரிகிற பிரிவுக்கு எல்லை ஓராண்டு. இந்த ஓராண்டைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் இல்லாதது கடிதத்தில் இருக்கலாம் அல்லவா? தமிழ்நாட்டு மண்ணில் இருந்துகொண்டு வீட்டுக்கு எழுதிய ஒரு படை அதிகாரியின் கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. எழுதியவர் தமிழர் அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேவித்த ஸ்கொட்லாந்துக்காரர். பெயர் தோமஸ் மன்றோ. இரயத்துவாரி முறையைப் பரப்பியவர், சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நான் பேச வந்தது ஆளுநர் மன்றோவைப் பற்றியல்ல. காற்சட்டை கிழிந்த இளைஞன் மன்றோவைப் பற்றி. அவர் இறந்த சில ஆண்டுகளில், 1830இல், கிளெய்க் என்ற பாதிரியார் கடிதங்களைத் தொகுத்து வாழ்க்கை வரலாறாக வெளியிட்டார். இந்தக் கிளெய்க்கும் பாதிரியாராவதற்கு முன் படையில் இருந்தவர்தான். அதனாலோ என்னவோ, போர் விபரங்களோடு போர்வை விபரங்களையும் அவர் வெட்டாமல் விட்டிருக்கிறார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மன்றோ 1761இல் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். தகப்பனார் அமெரிக்காவின் வேர்ஜீனியாவோடு வாணிபம் செய்த வசதியான வியாபாரி. 1775இல் அமெரிக்காவில் சுதந்திரப் போர் வெடித்தது. கடலுக்கு அப்பால் நடந்த அந்தப் போர் கிளாஸ்கோவில் ஒரு வீட்டின் அடுப்பை அணைத்தது. தகப்பனாரின் வியாபாரம் நொடித்தது. இலக்கியத்தில் ஊறி, டொன் குயிக்ஸோட்டை மூலமொழியில் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே இஸ்பானிய மொழியைத் தானாகக் கற்ற பையன், பதினெட்டு வயதில் கப்பலேறிப் பிழைக்கப் புறப்பட்டான். 1780 ஜனவரியில் சென்னையில் இறங்கினான். இறங்கிய சில நாட்களில் நற்சான்றுப் பத்திரங்களோடு மரியாதையாக வந்த ஒரு முதியவர், இந்த உடுப்புகள் இந்த நாட்டு வெக்கைக்கு உதவா, நான் மாற்றித் தருகிறேன் என்று சொல்லிப் பணத்தையும் உடுப்பையும் வாங்கிக்கொண்டு போனார். போனவர் போனவர்தான். தாயார் பார்த்துப் பார்த்து அடுக்கிக் கொடுத்த துணிமணி அப்படிப் போயிற்று.

அதே ஆண்டு ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் இறங்கினார். செப்டெம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் பெய்லியின் படைப்பிரிவு அழிந்தது. மன்றோ அவ்வேளை அருகில் இருந்த பிரதான படையில் இருந்தார். அந்தப் போரை அவர் தகப்பனாருக்கு விளக்கமாக எழுதியிருக்கிறார்; போர் வரலாறு எழுதுவோர் அவற்றைத்தான் எடுத்தாளுவர். நாம் அதைத் தாண்டி 1789 தொடக்கத்தில் அவர் தம் தங்கைக்கு எழுதிய கடிதத்துக்கு வருவோம். தங்கையின் பெயர் எர்ஸ்கின்.

தங்கை, கீழைத்தேயச் செல்வத்தைப் பற்றி அந்நாளில் இங்கிலாந்தில் உலவிய கதைகளை நம்பி, அண்ணன் நவாப்பைப் போல் வாழ்கிறார் என்று எண்ணியிருந்தாள். அவளைச் சில மணி நேரம் தன் அறைக்குள் கொண்டுவந்து வைத்தால் அந்த மயக்கம் தீரும் என்று அண்ணன் எழுதுகிறார். பசி, தாகம், களைப்பு, வறுமை எதையும் இந்தியா வரும்வரை தான் அறிந்ததில்லை என்கிறார். வந்து மூன்று ஆண்டுவரை தலையணை என்று ஒன்று இருக்கவில்லையாம். ஒரு புத்தகமோ தோட்டாப் பையோதான் தலைக்கு. நாலு தடிகளில் இழுத்துக் கட்டிய கித்தான் துணிதான் கட்டில். ஊரிலிருந்து கொண்டுவந்த பெருங்கோட்டு ஒன்றே அதற்கு அலங்காரம். குளிர்காலத்தில் அந்தக் கோட்டைப் போர்வையாக்க ஒரு வழி கண்டுபிடித்தார். கைகளுக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு, கீழ்ப்பகுதியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வது! கூடைக்குள் மடிந்து கிடந்த சேக்ஸ்பியரின் போல்ஸ்டாபோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறார். ஒரே ஒரு குறை. இப்படியெல்லாம் அந்தக் கோட்டைப் பயன்படுத்துவார்கள் என்று தைத்தவன் எதிர்பாராததால் நீளம் போதவில்லை. காலை மூடினால் கழுத்து வெளியே. கழுத்தை மூடினால் கால் வெளியே.

இந்த இடத்தில் நான் வகுப்பில் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பேன். சிரிப்பார்கள். எல்லோர் வீட்டிலும் நீளம் போதாத போர்வை ஒன்று இருந்திருக்கிறது.

அப்போது அவர் இருந்தது வேலூரில். வீடு ஒரு மண்டபமும் ஒரு படுக்கையறையும். மண்டபத்தில் ஒரு மேசை, வேறொன்றுமில்லை. படுக்கையறையில் எழுதும் மேசை. அதன் முன்னே அந்த வீட்டின் ஒரேயொரு கதிரை. அதில் அவர். பின்னால் பழைய கட்டில்; அதற்கு இப்போது ஒரு விரிப்பும் தலையணையும் சேர்ந்திருந்தன. வலப்பக்கம் புத்தகப் பெட்டி. இடப்பக்கம் இரண்டு றங்குப் பெட்டி, ஒன்றில் ஒரு பன்னிரண்டு மாற்றுத் துணி, மற்றதில் தட்டு, கத்தி, கரண்டி அரை டசின். பதவி உயர்ந்தால் இந்தச் சொத்தோடு ஒரு சாய்வுக் கதிரையும் அரை டசின் வெள்ளிக் கரண்டியும் சேரும் என்று எதிர்காலத் திட்டத்தையும் சொல்லிவைக்கிறார். அன்று மத்தியானம் என்ன சாப்பாடு? ஊரில் ஓட்ஸ் மாவில் காய்ச்சும் கஞ்சியை இங்கே அரையும் குறையுமாக அரைத்த மாவில் காய்ச்சிக் குடித்தாயிற்று. நாளைக்கு? பெரும்பாலும் மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம். இந்த எளிமை விரும்பி ஏற்றதல்ல, வேறு வழியில்லாததால் வந்தது என்றும் ஒளிக்காமல் சொல்கிறார். குதிரை ஒன்று இருந்ததாம். அது எவ்வளவு கிழடு என்றால், பயணத்தில் மூன்றில் இரண்டு பங்கை அவர் நடந்தே தீர்ப்பாராம். உடுப்பின் கதையோ இன்னும் வேடிக்கை. ஒருபக்கக் கிழிசலைத் தைக்கக் காசு சேர்ப்பதற்குள் மறுபக்கம் கிழிந்துவிடுமாம்.

தங்கையின் கண்ணில் நீர் வராதபடி எழுதியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். துன்பத்தைப் பகிடியாக்கி அனுப்புவது வெளிநாட்டில் இருப்பவர்களின் பழைய கலை. எங்கள் சித்தப்பாவும் எட்டுப்பேர் படுக்கும் அறையைப் பற்றி அப்படித்தான் எழுதுவார். அந்த அறையில் இரவில் எட்டுவிதமான குறட்டை, ஒருவர் ஓய்ந்தால் மற்றவர் தொடங்குவார் என்று. அதைச் சின்னம்மா வாசித்துச் சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய் நெடுநேரம் நிற்பார்.

இத்தனை கிழிசலுக்கும் காரணம் சம்பளம் இல்லாதது மட்டுமல்ல. கம்பெனி சம்பளத்தை நிலுவையில் வைத்தது உண்மை. வந்ததிலும் ஒரு பகுதி கிளாஸ்கோவுக்குப் போயிற்று. மன்றோவின் சகோதரர் அலெக்சாண்டரும் இந்தியாவுக்கு வந்திருந்தார். இருவரும் பேசி, தகப்பனாருக்கு ஆண்டுக்கு 100 பவுண் அனுப்புவதென்று முடிவுசெய்து அதைத் தாயாருக்கு எழுதுகிறார் மன்றோ. நிலுவைச் சம்பளம் கைக்கு வந்தால் அதிகமாக அனுப்புவேன், இதற்கு மேல் இப்போது முடியாததன் காரணம் இன்னது என்று விளக்கமும் தருகிறார். அந்தப் பகுதியை முதன்முதல் வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்தேன். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் பாண்டிருப்பிலும் காரைதீவிலும் இந்தக் கடிதத்தைப் பெறாத தாய்மார் எத்தனை பேர்? அனுப்பிய தொகை, அனுப்ப முடியாத தொகை, அதற்கான நியாயம், அடுத்த மாதத்துக்கான வாக்குறுதி. நாடுபிடிக்க வந்த படையின் அதிகாரி எழுதினாலும், பாலைவனத்தில் கம்பி கட்டப் போனவர் எழுதினாலும், அந்த நாலு வரியின் ஒழுங்கு மாறுவதில்லை.

இந்த இடத்தில் ஓராண்டுக் கணக்குக்கு வருகிறேன். அந்நாளில் கப்பல் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் வர வேண்டும். கடிதம் போய்ச் சேர ஐந்தாறு மாதம். மறுமொழி வர அதேயளவு. ஆக, தொல்காப்பியர் பிரிவு முழுவதற்கும் வகுத்த காலம், மன்றோவுக்கு ஒரு கேள்வியும் ஒரு மறுமொழியும் கடக்கும் காலம். 1779இல் வீட்டைவிட்டுப் புறப்பட்டவர் 1807இல்தான் விடுப்பில் ஊருக்குத் திரும்பக் கப்பலேறினார். இருபத்தெட்டு ஆண்டு! பதினெட்டு வயதுப் பையனாகப் போனவருக்கு அப்போது நாற்பத்தாறு.

ஆனாலும் நேயர்களே, மன்றோவின் மேல் இரக்கம் கொள்வதற்கு ஓர் எல்லையும் உண்டு. அந்தக் கடிதங்களில் இல்லாதவர்களையும் பார்க்க வேண்டும். வேலூர் வீட்டில் அந்த வாழைப்பழத்தைப் பொரித்துக் கொடுத்தவர் யார்? வறுமையைச் சொல்லும் கடிதத்திலும் வேலைக்காரர் இல்லாமல் இல்லை. அவருடைய பெயரும் வீடும் குடும்பமும் நமக்குத் தெரியாது. அந்தப் படையில் பெருந்தொகையாக இருந்தவர்கள் சிப்பாய்கள். தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும். மன்றோ தருமபுரிப் பக்கத்தில் வரி நிர்ணயம் செய்துகொண்டிருந்த 1795இல், அதே சென்னைப் படையின் சிப்பாய்கள் பிரித்தானியத் துருப்புகளோடு கடல் கடந்து வந்து டச்சுக்காரரிடமிருந்து முதலில் திருகோணமலையையும், பிறகு எங்கள் மட்டக்களப்புக் கோட்டையையும் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு கொழும்பும் விழுந்தது. நம் கரையோரத்தின் ஆட்சி கைமாறியது அவர்களின் தோளில்தான். சென்னைப் படையில் சிப்பாயின் பெண்சாதி பிள்ளைகள் படையணியோடே ஊர் ஊராகப் போய் வாழ்வது வழக்கம். கடல் கடந்து போகும்போது மட்டும் அவர்களை விட்டுவிட்டுப் போக வேண்டும். சம்பளத்தில் ஒரு பங்கைக் குடும்பத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். அப்படி எழுதிவைத்துவிட்டு மட்டக்களப்பு வாவிக்கரையில் காவல் நின்ற ஒரு திருச்சிராப்பள்ளிச் சிப்பாய், அந்தப் பங்கு வீட்டுக்குச் சரியாகப் போகிறதா என்று கவலைப்படாமலா இருந்திருப்பான்? அவன் தங்கைக்கு எழுதிய கடிதத்தைத் தொகுத்து மூன்று பாகமாக வெளியிட ஒரு பாதிரியார் இருக்கவில்லை. எழுதியிருந்தால் ஓலையில் எழுதியிருப்பான். அல்லது எழுதத் தெரிந்தவரைப் பிடித்துச் சொல்லி எழுதுவித்திருப்பான். வீட்டுக்கவலை எல்லோருக்கும் உண்டு. அதைப் பதிந்து வைக்கும் அதிகாரம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டுத்தான் மிச்சக் கதைக்குப் போக மனம் வருகிறது.

1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பெற்ற பாராமகால் பகுதியில், கப்டன் ரீட் என்பவரின் கீழ் மன்றோ ஏழாண்டு வேலை செய்தார். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கம். கிராமம் கிராமமாகக் கூடாரத்தில் வாழ்ந்து நிலம் அளந்து வரி விதித்த காலம். தருமபுரியில் ஒரு வீடும் தோட்டமும் உண்டாக்கினார். 1799இல் கன்னடக் கரைக்கு மாற்றியபோது, பதவி உயர்வைக் காட்டிலும் அந்தத் தோட்டத்தை விட்டுப் போவதுதான் பெரிதாகத் தெரிந்தது. பழைய நண்பனைப் பிரிவதைப்போல் அதைப் பிரிவதாக எழுதினார். சீருடைக்காரனுக்கு மண்ணில் இப்படியொரு வேர் இறங்குவது விநோதந்தான். தான் வரி வாங்கிய மண்ணில் தானும் ஒரு பாத்தி கட்டினார். அங்கே பாத்தி கட்டி வரி கொடுத்தவர்கள் அவரைப் பற்றி என்ன எழுதியிருப்பார்கள் என்பது வேறு கதை. அவர் நல்லவர் என்று சொன்னவர்களும் நிறைய இருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. திருப்பதியில் நைவேத்தியத்துக்கான ஒரு பெரிய பாத்திரத்தை ‘மன்றோ கங்காளம்’ என்றே அழைக்கிறார்கள். கரண்டி அரை டசின் சேருமா என்று கனவு கண்டவரின் பெயர் கோயில் பாத்திரத்தில் நிற்கிறது.

இலக்கிய நேயர்களுக்காக இன்னொரு செய்தி. இந்தியாவில் பாரசீகம் கற்றபோது, சேக்ஸ்பியரின் ஷைலொக் கதையைப் போலவே இறைச்சித்துண்டு கேட்கும் கடன்காரன் கதை ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதை மொழிபெயர்த்து அனுப்பினார். பின்னர் அது சேக்ஸ்பியர் பதிப்பொன்றிலேயே சேர்க்கப்பட்டது. ஒற்றைக் கதிரையில் இருந்து செய்த வேலைகளில் இதுவும் ஒன்று என்று நினைத்துப் பார்க்கிறேன்.

விடுப்பில் போன மன்றோ 1814இல் ஜேன் கம்பெல் என்ற பெண்ணை மணந்தார். மணமகனுக்கு வயது ஐம்பத்து மூன்றை நெருங்கியிருந்தது. அதே ஆண்டு மனைவியோடு சென்னைக்கு வந்தார். 1819இல் தாயகம் திரும்பும் வழியில் மூத்த மகன் பிறந்தான். 1820இல் ஆளுநராகச் சென்னையில் பொறுப்பேற்றபோது அந்தக் குழந்தை ஸ்கொட்லாந்தில் உறவினரிடம் விடப்பட்டிருந்தது. இரண்டாவது மகன் 1823இல் சென்னையில் பிறந்தான். அந்த ஆண்டே ஓய்வு கேட்டு எழுதிப் பார்த்தார். மறு ஆண்டு பர்மாப் போர் மூண்டது. போர் முடியும்வரை போகக்கூடாது என்று நின்றுவிட்டார். சின்னவன் நோயாளிக் குழந்தை. இந்த வெக்கை அவனுக்கு ஆகாது என்றானபோது, 1826 மார்ச்சில் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறினார்.

கதை தலைகீழாக மாறிவிட்டது பாருங்கள். முன்பு வீடு கிளாஸ்கோவில் இருந்தது, அவர் பாசறையில் இருந்தார். இப்போது கிண்டியில் ஆளுநர் மாளிகை, தோட்டம், ஏவலாளர் எல்லாம் இருக்கின்றன. வீடு என்று சொல்ல ஒன்றுமில்லை. மனைவிக்கு எழுதிய கடிதங்களில் கிண்டித் தோட்டம் திரும்பத் திரும்ப வருகிறது. இருவரும் சேர்ந்து நடந்த பாதைகளில் தனியே நடக்கிறார். ஆள் இல்லாத அறைகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. குழந்தையின் சத்தம் இல்லை. ஒரு மாகாணத்தை ஆண்டவர், நெடுநல்வாடை அரசனைப்போல் போரைப் பற்றி இரவில் எண்ணியிருக்கலாம். மனைவிக்கு எழுதும்போது வெறும் அறையைப் பற்றித்தான் எழுதினார். இந்தக் கடிதங்களில் வேலூர்க் கடிதத்தின் பகிடி இல்லை. இளமையில் கிழிந்த கோட்டை வைத்துச் சிரிக்க முடிந்தவருக்கு அறுபத்தைந்து வயதில் காலியான அறையை வைத்துச் சிரிக்க முடியவில்லை.

1827இல், தமக்குப் பின் வரும் ஆளுநரை எதிர்பார்த்திருந்த இடைவெளியில், தாம் முன்பு கலெக்டராக இருந்த மாவட்டங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டார். கூட்டிக்கு அருகே பத்திக்கொண்டா என்ற ஊரில், ஜூலை 6ஆம் நாள், வாந்திபேதியில் இறந்தார். காலையில் நோய், இரவுக்குள் முடிவு. மனைவிக்கு அந்தச் செய்தியும் கப்பலில்தான் போக வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் அவர் கணவர் உயிரோடிருப்பதாக எண்ணிக்கொண்டு கடிதம் எழுதிக்கொண்டிருந்திருப்பார்.

சென்னையில் தீவுத்திடல் பக்கமாகப் போனால் வீதி நடுவே உயரமான பீடத்தில் அவருடைய வெண்கலச் சிலை நிற்கிறது. சான்ற்றி என்ற சிற்பி வார்த்தது, 1839இல் நிறுவினார்கள். குதிரையில் இருக்கிறார், அங்கவடி வைக்க மறந்துவிட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. நான் ஒருமுறை போய்க் கீழே நின்று பார்த்தேன். நல்ல திமிர்ந்த குதிரை. மூன்றில் இரண்டு பங்கு வழியை அவரை நடக்கவிட்ட குதிரை அல்ல.

கல்முனைக் கடைக்கு வந்த அந்த அதிகாரியை நான் பிறகு காணவில்லை. மாற்றலாகிப் போயிருக்கலாம். அந்தக் காலத்தில் வேறு முடிவுகளும் இருந்தன. அவருடைய வீட்டு ஓடு மழைக்கு முன் மாற்றப்பட்டதா என்று அந்த ஆண்டு மாரி தொடங்கியபோது நினைத்தது ஞாபகம். எங்கள் ஊரில் அவரை நினைத்து யாரும் கவலைப்படவில்லை, அதற்கு எங்களுக்கும் காரணம் இருந்தது. நான் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

அன்று சித்தப்பாவின் அழைப்பு வரவில்லை. ஐந்தரைவரை இருந்து பார்த்துவிட்டு, காக்காவிடம் சொல்லிக்கொண்டு நடந்து வந்தோம். சின்னம்மா துண்டைக் கையிலிருந்து விடவேயில்லை. மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது. நாலு மணிக்கும் நாலே காலுக்கும் எடுத்துப் பார்த்தாராம், இலக்கம் பிடிபட்டிருந்ததாம், அதற்குள் அங்கே அவருடைய முறை போய்விட்டதாம். கிணற்றுக் கட்டுக்குச் சீமெந்து எத்தனை பக்கெற் முடிந்தது, மிச்சத்தை நனையாமல் வைத்தீர்களா என்று கேட்டிருந்தார்.